வெட்டிப்போட்ட வரிசை

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் முப்பது வருஷம் ஆஃப்செட் மெஷினில் நின்றவன் நான். சாமி படங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் ஓட்டியது நேதாஜி காலண்டர். அந்தக் காக்கியைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். சியான் கூடினால் பச்சையடிக்கும், மெஜந்தா கூடினால் செங்கல்லாகிவிடும்.

ஒரு தடவை மாதிரிக்கு வந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் நேதாஜிக்குப் பக்கத்தில் கேப்டன் லட்சுமி. எதிரே துப்பாக்கியோடு வரிசையாகப் பெண்கள். எல்லாம் நம் பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற பெண்களின் முகம். காலண்டருக்கு நேதாஜியை மட்டும் கத்தரித்துக்கொண்டார்கள்.

அது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த ஜான்சி ராணி படை. 1943 ஜூலை 2-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். பத்தே நாளில், டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் (படத்தில் இருந்த கேப்டன் லட்சுமிதான்) திரட்டிய சுமார் 20 பெண்கள், சேலையோடு துப்பாக்கி ஏந்தி அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். அக்டோபர் 22-ல் பயிற்சி முகாம். கோலாலம்பூர் ஜானகி தேவர், வசதியான வீட்டுப் பெண், காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்தபோது வயது 18. ஆனால் படையில் பெரும்பங்கு மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். விடியுமுன் பால்மரம் வெட்டியவர்கள். பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை, கட்டளைகளோ இந்துஸ்தானியில்!

1944-ல் பர்மாவுக்குப் போனார்கள். இம்பால் தாக்குதல் தோற்றதால் போர்முனை வாய்க்கவில்லை. மேமியோவில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டார்கள். எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் சீருடையில் நின்றவர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். இதை உள்நாட்டுப் போர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

1945 ஏப்ரல் 24-ல் ரங்கூனை விட்டுக் கிளம்பினார்கள். பகலில் குண்டுவீச்சுக்குப் பதுங்கல், இரவில் நடை. நேதாஜியும் அவர்களோடே நடந்தார். அவர் காலெல்லாம் கொப்புளம். பாங்காக் சேர மூன்று வாரம் ஆனது. தொடங்கி இரண்டு வருஷத்துக்குள் படையே முடிந்துபோனது.

லட்சுமி 2002-ல் அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். ஜானகிக்கு 2000-ல் பத்மஸ்ரீ. தோட்டத்துப் பெண்கள் பலர் பழைய பால்மரத்துக்கே திரும்பினார்கள்.

கத்தரித்த மிச்சத்தை மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்தேன். காலண்டருக்குத் தகரம் அடிக்க வந்த அக்கா ஒருத்தி உற்றுப் பார்த்தாள்.

"யாருண்ணே இவுக? எந்த பயர் ஒர்க்ஸ்ல வேலை?"