அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்கு பெரிய ஆர்.வி.யில் போறீங்களா? முதலில் இந்த அளவுகளைப் பாருங்க!

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதுதான் ஆர்.வி. பயணம். கட்டில், கிச்சன், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்ம ஊர் குடும்பங்களும் இப்படி வாடகைக்கு எடுத்துச் செல்வது உண்டு. ஆனால், வண்டி பெரிதாக இருந்தால் சில பூங்காக்களின் முக்கியமான சாலையில் உங்களை விடவே மாட்டார்கள். ஏன்?

எது பெரிய வண்டி?

வேன் அளவில் இருப்பது 'கிளாஸ் பி'. டிரைவர் தலைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருப்பது 'கிளாஸ் சி'. பஸ் மாதிரி இருப்பது 'கிளாஸ் ஏ'. இது 45 அடி வரை கூட இருக்கும். சிக்கல் பெரும்பாலும் பெரிய கிளாஸ் சி, கிளாஸ் ஏ, நீளமான டிரெய்லர்களுக்குத்தான்.

எங்கே தடை?

* கிளேசியர் (மொன்டானா): 1933-ல் திறக்கப்பட்ட 'கோயிங் டு தி சன்' மலைப்பாதையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ, 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பம்பரும் சைடு மிரரும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.
* ஸயான் (யூட்டா): இங்குள்ள மலைச் சுரங்கப்பாதை 1930-ல் திறக்கப்பட்டது. வளைவான கூரை என்பதால், உயரமான வண்டிகள் சாலையின் நடுவில்தான் போக முடியும். முன்பு எதிர்த்திசைப் போக்குவரத்தை நிறுத்தி, 15 டாலர் கட்டணத்தில் அனுப்பினார்கள். 2026 ஜூன் 7 முதல் பெரிய வண்டிகளுக்குத் தடை என பூங்கா நிர்வாகம் அறிவித்துள்ளது. நீளம் 35 அடி 9 அங்குலம், உயரம் 11 அடி 4 அங்குலம், அகலம் 7 அடி 10 அங்குலம், எடை 50,000 பவுண்டு. இதில் ஒன்று தாண்டினாலும் சுற்றுவழிதான்.
* செக்கோயா (கலிஃபோர்னியா): தெற்கு வாசல் வழியாக ராட்சத மரங்களுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் 22 அடிக்கு மேற்பட்ட வண்டி வேண்டாம் என்று அறிவுறுத்துகிறார்கள்.

தங்கும் இடத்தில் என்ன கவனிக்கணும்?

கரண்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் சேர்ந்த இணைப்பை 'ஃபுல் ஹூக்கப்' என்பார்கள். பூங்காக்களுக்குள் இது அரிது. யெல்லோஸ்டோனில் 'ஃபிஷிங் பிரிட்ஜ்' ஆர்.வி. பார்க்கிலும், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் 'டிரெய்லர் வில்லேஜ்'-லும் கிடைக்கும். கரடி நடமாட்டம் இருப்பதால் ஃபிஷிங் பிரிட்ஜில் துணிக் கூடாரத்துக்கு அனுமதி இல்லை. யோசெமிட்டி பூங்காவின் முகாம்களில் ஹூக்கப்பே கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டவும் நேரக் கட்டுப்பாடு உண்டு.

ஒவ்வொரு இடத்துக்கும் அதிகபட்ச நீளம் முன்பதிவு இணையதளத்திலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் புக் செய்தால், அங்கே போய் வண்டியை நிறுத்த முடியாமல் தவிக்க நேரிடும். பல முகாம்களில் 6 மாதத்துக்கு முன்பே முன்பதிவு தொடங்கி, சீசன் நாட்கள் வேகமாகத் தீர்ந்துவிடும்.

கட்டணம் எவ்வளவு?

அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டு பாஸ் 80 டாலர். 2026 ஜனவரி முதல் வெளிநாட்டவருக்கு 250 டாலர். பாஸ் இல்லாத வெளிநாட்டவர், மேலே சொன்ன 6 பூங்காக்கள் உள்பட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு, 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 100 டாலர் தர வேண்டும். நான்கு பெரியவர்கள் என்றால் அதுவே 400 டாலர்!

கிளம்பும் முன்...

* ஏ.சி., சைக்கிள் ஸ்டாண்டு சேர்த்து வண்டியின் நீளம், அகலம், உயரத்தை எழுதி டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.
* போனில் காருக்கான மேப்பை மட்டும் நம்பாதீர்கள். அதற்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது.
* பெரிய வண்டியை முகாமில் நிறுத்திவிட்டு, பூங்காவின் இலவச ஷட்டில் பஸ்ஸில் சுற்றலாம். ஸயான், கிராண்ட் கேன்யன் இரண்டிலும் இந்த வசதி உண்டு.
* விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் வாரத்தில் பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போதே 21 அடிக்குள் வண்டி கிடைத்தால், மேலே சொன்ன நீளச் சிக்கல்களில் பெரும்பாலானவை வராது.