புலமைப்பரிசில் யாருக்காக வந்தது?

புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததிலிருந்து முகநூல் முழுக்க 10 வயதுப் பிள்ளைகளின் படங்கள்தான். எல்லாருக்கும் வாழ்த்துகள். ஆனால் இந்தப் பரீட்சை ஏன் வந்தது என்று கேட்டால் பல பெற்றோருக்குத் தெரியாது.

1931 முதல் 1947 வரை இலங்கையின் கல்வி அமைச்சராக இருந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அந்தக் காலத்தில் நல்ல இடைநிலைக் கல்வி என்றால் பட்டினத்தில், ஆங்கிலத்தில், காசு கட்டித்தான். 1940களில் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சை. தேறிய ஏழைப் பிள்ளைக்கு அங்கே விடுதி, சாப்பாடு, படிப்பு. 1945இல் இலவசக் கல்வியும் வந்தது. தோட்டம் செய்தவர் வீட்டுப் பிள்ளை டொக்டரான கதைகள் பலதும் இங்கேதான் தொடங்கின.

பிறகு அதே பரீட்சை பிரபல பாடசாலைகளுக்குள் நுழையும் வாசலாகவும் ஆனது. வெட்டுப்புள்ளி வந்தது, பின்னாலேயே ரியூசனும் வந்தது. இப்போது தரம் மூன்றிலேயே மாதிரி வினாத்தாள். குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நானும் பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் 30 பிள்ளைகளுக்குக் காசு வாங்கிப் படிப்பித்தவன்தான். காசு கட்ட ஏலாமல் இடையில் நின்ற ஒரு பெடியன் 4 புள்ளியால் தவறினான். இந்தப் பரீட்சை முதலில் வந்ததே அவனைப் போன்றவனுக்குத்தான்.

இன்றைக்கும் சந்தையடியில் கண்டால் சைக்கிளால் இறங்கி "சேர்" என்பான். போன கிழமை, மகளை எந்த ரியூசனுக்கு விடலாம் என்று என்னிடமே கேட்டான்.