ஜீஸ் பெண்ட் ஒட்டுப்போர்வைகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மூன்று பக்கமும் அலபாமா ஆறு வளைத்துக்கொண்ட ஊர் ஜீஸ் பெண்ட். 1816இல் பருத்திப் பண்ணை அமைத்த ஜோசப் ஜீயின் பெயரே ஊருக்கும் நின்றது. 1845இல் பண்ணை பெட்வே குடும்பத்தின் கைக்கு மாறியது. அங்கே அடிமைகளாக இருந்தோரின் சந்ததியினர் பலர் இன்றும் அந்தக் குடும்பப்பெயரையே தாங்குகிறார்கள்.

குளிர்காற்று புகும் மரவீடுகளில் போர்வை அலங்காரப் பொருள் அல்ல. நைந்த வயல் உடுப்புகள், மாவுச் சாக்குகள் ஆகியவற்றிலிருந்து தேறிய துண்டுகளை ஒருத்தி தனியே இணைத்து மேல்துணி ஆக்குவாள். பிறகு அதையும் பஞ்சையும் அடித்துணியையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பெண்கள் கூடிக் கைத்தையல் போடுவார்கள். அளவுகோலுக்கு அடங்காத கோணல் கோடுகளே இவற்றின் அழகு. 1942இல் மிசூரி பெட்வே, இறந்த கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார்.

கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதியத் திரண்ட 1962இல், ஊரிலிருந்து ஆற்றைக் கடக்க உதவிய படகுச் சேவை நிறுத்தப்பட்டது. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. 1966இல் போர்வை தைக்கும் பெண்களின் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவு தொடங்கியது. 1972இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைக்க அதற்கு ஒப்பந்தம் தந்தது; வெட்டி மிஞ்சிய கார்டுராய் வீட்டுப் போர்வைகளில் ஏறியது.

2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் இவற்றைக் கலைப்படைப்புகளாகவே காட்சிக்கு வைத்தது. 2006இல் இவற்றின் படம் தாங்கிய அஞ்சல்தலைகள் வெளிவந்தன. அதே ஆண்டு படகும் திரும்ப ஓடத் தொடங்கியது.