மூக்குக்கண்ணாடிக்குள் இருக்கும் எண்

பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் உங்கள் வீட்டில் கண்ணாடி போடும் பிள்ளை ஒன்று இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் தரம் 7இல் ஒரு பிள்ளை. கண் பரிசோதனைக்குப் பிறகு அவளுக்குப் புதுக் கண்ணாடி வந்தது. வகுப்பில் அதைக் கழற்றிக் கழற்றி மேசைக்குள் வைத்துவிடுவாள். "கண்ணாடியப் போடுங்க மகள்" என்று பாடத்துக்குப் பாடம் சொன்னோம். எங்களில் சிலர் அதட்டியும் சொன்னோம். "போட்டா எழுத்தெல்லாம் சரிஞ்சி தெரியிது சேர்" என்றாள். பழகப் பழகச் சரியாகும் என்றோம். ஒரு தவணை போனது. கணிதத்தில் புள்ளி இறங்கியது. உம்மாவை அழைத்து, பிள்ளைக்குப் படிப்பில் கவனமில்லை என்றும் சொல்லி அனுப்பினோம்.

மறுபடி கிளினிக்குக்குப் போனபோதுதான் விசயம் தெரிந்தது. வில்லையின் பவரை அளக்கும் கருவியில் கண்ணாடியை வைத்துப் பார்த்தவர், முதலில் எழுதிக் கொடுத்த துண்டைக் கேட்டிருக்கிறார். துண்டில் 10° என்று இருந்தது. கண்ணாடியில் இருந்ததோ 100. பாகைக் குறியான அந்தச் சின்ன வட்டத்தை ஒருவர் பூச்சியமாக வாசித்துவிட்டார்.

யாருடைய கையில் பிழைத்தது என்று தேடுவது எங்கள் நோக்கமல்ல. அந்தப் பிள்ளை மூன்று மாதம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், நாங்கள்தான் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு கண்ணாடி எப்படிச் செய்யப்படுகிறது என்று தேடி வாசிக்கத் தொடங்கினோம். கண்ணாடியின் வரலாறு என்பது வில்லையைத் தேய்த்தவர்களின் வரலாறு மட்டுமல்ல, அதற்குரிய எண்ணைத் தொலையாமல் காத்தவர்களின் வரலாறும்தான் என்பது அப்போதுதான் விளங்கியது.

எமது மாணவர்களுக்கு இப்னு ஹைதமின் பெயர் தெரியும். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்', பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று நிறுவியது. அந்நூல் லத்தீனுக்குப் போய் ஐரோப்பாவில் பல தலைமுறை வாசிக்கப்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏறக்குறைய 1286 அளவில், இத்தாலியில் மூக்குக்கண்ணாடி தோன்றியது.

அந்தக் காலக் கண்ணாடிக்கு எண் தேவைப்படவில்லை. வெள்ளெழுத்து வந்தவர் வியாபாரியின் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். எழுத்துத் தெரிந்தால் காசைக் கொடுத்து வாங்கிக்கொள்வார். கண்ணும் வில்லையும் ஒரே இடத்தில் இருந்தன. இன்றும் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் வாசிக்கும் கண்ணாடி இப்படித்தான் விற்கிறது.

நிலைமை மாறியது 1825 அளவில். ஜோர்ஜ் ஏரி என்ற இளம் கேம்பிரிட்ஜ் வானியலாளருக்கு இடக்கண்ணில் ஒரு குறை. ஒரு புள்ளி அவருக்குக் கோடாக நீண்டு தெரிந்தது. கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி இல்லாததால் வரும் குறை இது, அஸ்டிக்மாட்டிசம் என்பார்கள். இதற்குச் சாதாரண வில்லை உதவாது. ஒரு திசையில் மட்டும் வளைந்த உருளை வடிவ வில்லை வேண்டும். ஏரி தன் கண்ணைத் தானே அளந்து, வளைவைக் கணக்கிட்டு, இப்ஸ்விச் நகரில் ஃபுல்லர் என்ற கைவினைஞரிடம் கொடுத்துச் செய்வித்தார்.

இப்போது கண் ஓரிடத்தில், வில்லை செய்பவர் இன்னோரிடத்தில். இடையே பயணம் செய்வது எண் மட்டும். பவர் எவ்வளவு என்பதோடு, எந்தத் திசையில் என்பதும் எண்ணாகப் போக வேண்டும். அந்தத் திசையைத்தான் அச்சு என்கிறோம். 0 முதல் 180 வரை பாகையில் எழுதுவது வழக்கம்.

பவரை எழுதுவதிலும் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. குவியத்தூரத்தை அங்குலத்தில் எழுதினார்கள். பிரெஞ்சு அங்குலம் வேறு, ஆங்கில அங்குலம் வேறு. ஒரு நாட்டின் 10ஆம் இலக்க வில்லை அடுத்த நாட்டின் 10ஆம் இலக்கத்துக்குச் சமமில்லை. 1872இல் பிரெஞ்சுக் கண் வைத்தியர் ஃபெர்டினண்ட் மொனோயே மீற்றரை அடிப்படையாகக் கொண்ட டயோப்டர் என்ற அலகை முன்வைத்தார். பிள்ளைகளின் துண்டில் இன்று காணும் −1.50, −2.00 எல்லாம் அந்த அலகுதான்.

எண் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எமது துறைமுகத்தோடு உறவுள்ள ஓர் உதாரணம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடாவிலிருந்து எழும்பிப் போனவை ஹரிக்கேன் விமானங்கள். அவற்றின் விமானி அறையை மூடியிருந்தது பேர்ஸ்பெக்ஸ் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1940 ஓகஸ்டில், இங்கிலாந்தில் இதே ரக விமானம் ஒன்று சுடப்பட்டு, அதன் பேர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் கோர்டன் கிளீவர் என்ற விமானியின் கண்களுக்குள் பாய்ந்தன. அவரையும் அவர் போன்றவர்களையும் பார்த்த வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி ஒன்றைக் கவனித்தார். அந்தத் துணுக்குகளைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை. வெண்புரை நோயாளிக்கு எடுத்துவிடும் இயற்கை வில்லைக்குப் பதிலாக இதே பொருளில் ஒரு வில்லையை உள்ளே வைத்தால் என்ன?

1949 நவம்பர் 29ஆம் திகதி லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் 45 வயதுப் பெண் ஒருவருக்கு அதைச் செய்தார். வில்லை கண்ணுக்குள் தங்கியது. ஆனால் எண் பிழைத்தது. இயற்கை வில்லையின் வளைவைப் பார்த்துச் செய்திருந்தார்கள், பேர்ஸ்பெக்ஸோ அதைவிட அதிகமாக ஒளியை முறிக்கும். சத்திர சிகிச்சைக்குப் பின் அந்தப் பெண்ணின் கண்ணில் ஏறக்குறைய 18 டயோப்டர் குறும்பார்வை. பொருள் சரி, கை சரி, கணக்கு மட்டும் தவறு. பின்னர் வடிவத்தைத் திருத்தினார்கள். ஒவ்வொரு கண்ணையும் முன்கூட்டியே அளந்து பவரைக் கணிக்கும் சூத்திரங்கள் பரவலாகப் பல ஆண்டுகள் எடுத்தன.

அந்த வில்லையை ஏழைகளின் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்ததில் எமக்கு அக்கரையில் உள்ள மதுரைக்குப் பெரும் பங்குண்டு. டொக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நூறு டொலர் அளவில் இறக்குமதியான உள்விழி வில்லையைத் தாங்களே செய்வதற்காக 1992இல் அவர்கள் ஓரோலேப் நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். விலை பத்து டொலர் அளவுக்கு இறங்கியது. அப்படிப்பட்ட வில்லைப் பெட்டி ஒவ்வொன்றிலும் பவரும் தொடர் இலக்கமும் ஒட்டுத்தாளில் இருக்கும். வில்லை கண்ணுக்குள் போகும், ஒட்டுத்தாள் நோயாளியின் கோப்புக்குப் போகும்.

இனி எங்கள் பிள்ளையின் கண்ணாடிக்கு வருவோம். நாங்கள் அறிந்த ஊர்க் கடைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கண்ணை அளந்து, துண்டில் எழுதி, ஃபிரேமோடு கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்குள்ள வில்லை ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு தட்டு. அதில் ஃபிரேம், அரைகுறையாகச் செய்த இரண்டு வில்லைகள், வேலைத்துண்டு. அந்தத் தட்டுத்தான் வளைவு வெட்டும் இயந்திரம், மெருகேற்றும் இயந்திரம், பூச்சு, ஃபிரேமின் வடிவத்துக்கு விளிம்பு வெட்டும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாகச் சுற்றி வரும். முன்பெல்லாம் ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் துண்டை வாசித்து, அட்டவணை பார்த்துக் கணக்கிட்டு, இயந்திரத்தைத் திருப்பி வைப்பார். எண் எத்தனை தடவை வாசிக்கப்படுகிறதோ அத்தனை தடவை பிழைக்கவும் இடமுண்டு.

கணினி முதலில் வந்தது இந்த வளைவுக் கணக்குகளுக்காகத்தான். பிறகு அது ஆய்வுகூடம் முழுவதையும் நடத்தும் மென்பொருளாக வளர்ந்தது. எண்ணை ஒரு தடவை பதிவார்கள். எந்த வில்லையை அலுமாரியிலிருந்து எடுப்பது, எந்த வளைவில் வெட்டுவது, ஓரத்தில் எவ்வளவு தடிப்பு விடுவது என்று மென்பொருள் சொல்லும். தட்டில் பார்கோட் ஒட்டியிருக்கும். இயந்திரம் அதை வாசித்துத் தனக்குரிய எண்ணைக் கணினியிடமே கேட்டுக்கொள்ளும். வில்லை உடைந்தால் அதுவும் பதிவாகி மறுவேலை தொடங்கும். முடிந்த வில்லையை அளந்து, பதிந்த எண்ணோடு ஒப்பிட்டு, விலகல் அளவுக்கு மிஞ்சினால் வெளியே விடாது.

ஒரு சிக்கல் இருந்தது. வெட்டும் இயந்திரம் ஒரு கம்பனி, விளிம்பு இயந்திரம் இன்னொரு கம்பனி. ஒன்றின் மொழி மற்றதுக்கு விளங்காது. அமெரிக்க ஒளியியல் உற்பத்தியாளர் சங்கம் இதற்கொரு பொது மொழியை வகுத்தது. கோளப் பவருக்கு ஒரு சிறு பெயர், உருளைப் பவருக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று எல்லோருக்கும் பொதுவான பெயர்கள். பின்னர் அது ஐஎஸ்ஓ 16284 என்ற சர்வதேச நியமமாகவும் வந்தது. மொனோயே மனிதர்களுக்குச் செய்ததை இவர்கள் இயந்திரங்களுக்குச் செய்தார்கள் என்று சொல்லலாம்.

இவ்வளவும் இருந்தால் எங்கள் பிள்ளைக்கு அப்படி நடந்திருக்காதா? நடந்திருக்கும். மென்பொருள் பதிந்த எண்ணைக் காக்கும், பதியாத எண்ணை அது அறியாது. 100 என்று பதிந்தால் 100இல் வெட்டி, 100இல் அளந்து, சரி என்று அனுப்பிவிடும். 100 என்பது செல்லுபடியான அச்சுத்தான். அந்தத் துண்டிலிருந்த சிறு வட்டம் கணினிக்கு வருமுன்பே பூச்சியமாகிவிட்டது.

கணக்குத் தெரிந்தவர்களுக்கு ஒன்று: உருளை வில்லையின் அச்சு 30 பாகை விலகினால், திருத்த வந்த குறையின் அளவு அப்படியே மிஞ்சும், கண்ணாடியால் பயனில்லை. 90 பாகை விலகினால் குறை இரட்டிப்பாகும். 10க்கும் 100க்கும் இடையே 90. கண்ணாடி இல்லாமல் அவள் பார்த்ததைவிடக் கண்ணாடியோடு மோசமாகப் பார்த்தாள். அதைப் போடச் சொல்லித்தான் நாங்கள் அதட்டினோம்.

பார்வை குறைந்த பிள்ளையை முன்வரிசையில் இருத்த வேண்டும் என்று கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்தார்கள். கண்ணாடித் துண்டை வாசிக்கக் கற்பிக்கவில்லை. ஆகவே பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் எங்கள் வேண்டுகோள்:

1. கண் பரிசோதனைத் துண்டைக் கடையில் கொடுக்குமுன் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

2. அச்சு எண்ணுக்கு மேல் பாகைக் குறி போடாமல் எழுதித் தரும்படி கேளுங்கள். 100 என்று வாசித்துவிடுவார்கள் என்பதற்காகவே பல நாடுகளில் அக்குறியைத் தவிர்க்கிறார்கள்.

3. கண்ணாடியை வாங்கும்போது கருவியில் வைத்து அளந்து, துண்டோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான்.

4. புதுக் கண்ணாடிக்குப் பழகச் சில நாள் எடுக்கும். அதற்குப் பிறகும் பிள்ளை கழற்றிக் கழற்றி வைத்தால் அதட்ட வேண்டாம். திரும்ப அளக்கக் கொண்டுபோங்கள்.

அந்தப் பிள்ளையிடமும் உம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டோம். உம்மா சிரித்துவிட்டு, "உங்களுக்கென்ன தெரியும் சேர்" என்றார். தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. பயன்படும் என்று நினைத்தால் உங்கள் வகுப்புப் பெற்றோர் குழுவில் பகிருங்கள்.