டர்போ எஞ்சின், சாதா எஞ்சின்

பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்வது சாதா எஞ்சின். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது டர்போ. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரித்த வென்யூ காரிலேயே வேறுபாடு தெரியும்: 1.2 லிட்டர் சாதா எஞ்சின் 83 குதிரைத்திறன் தந்தது. அதைவிடச் சிறிய 1 லிட்டர் டர்போ 120 தந்தது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டர்போ சற்றுத் தயங்கியே வேகமெடுக்கும். சூடும் அதிகம், எண்ணெய் மாற்றுவதில் அலட்சியம் கூடாது.

படகுகளிலும் இந்தத் தேர்வு உண்டு. பழவேற்காடு ஏரியின் ஃபைபர் படகுகளில் பொதுவாக இருப்பது நீண்ட தண்டு கொண்ட சிறிய சாதா டீசல் எஞ்சின். ஏரி ஆழமற்றது, முகத்துவாரம் அடிக்கடி மணலால் தூர்ந்துபோகும். மணல்திட்டு தட்டுப்படும்போது, மீனவர் கைப்பிடியைக் கீழே அழுத்தி விசிறியை நீருக்கு மேல் தூக்கிவிடுவார். உப்புக்காற்றில் அன்றாடம் உழைத்து, கரையிலேயே பழுது பார்க்கப்பட வேண்டிய இயந்திரம் அது. பாகங்கள் குறைந்த சாதா எஞ்சினே அங்கு பொருத்தமானது. மிகுந்த இழுவிசை தேவைப்படும் பெரிய விசைப்படகுகளுக்கு டர்போ பயன்படும்.