புக் போஸ்ட்டுல போகாத பொங்கல் வாழ்த்து

டிஸ்கி: கொஞ்சம் கொசுவத்தி, நிறைய சரித்திரம். அதனால நீளம். இந்த வாரம் ஆணி கம்மி, பொறுத்துக்குங்க மக்களே.

வாழ்த்து அட்டைன்னு ஒரு சமாச்சாரம் எதுக்குப் பொறந்துச்சுன்னு பார்த்தா சிரிப்பா இருக்கும். லண்டன்ல ஹென்றி கோல்னு ஒரு பெரிய மனுஷர். 1840ல வந்த பென்னி போஸ்ட்டுக்கு, அதாவது சல்லிசான தபாலுக்கு, வேலை பார்த்தவங்கள்ல அவரும் ஒருத்தர். அதோட பலனை அவரே அனுபவிச்சார். ஊர்ல இருக்கவன் எல்லாம் பண்டிகைக்கு அவருக்குக் கடுதாசி போட ஆரம்பிச்சுட்டான். பதில் எழுதலைன்னா மரியாதை இல்லை, எழுத நேரமும் இல்லை. 1843ல ஜான் ஹார்ஸ்லிங்கற ஓவியரைப் பிடிச்சு ஒரு படம் வரையச் சொல்லி, அச்சடிச்சு, பேரை மட்டும் எழுதி அனுப்பிட்டார். மிச்சம் இருந்ததை ஒரு ஷில்லிங்குக்கு வித்தாங்க. கிறிஸ்துமஸ் கார்டோட ஆரம்பம் இதுதான்னு சொல்றாங்க. நம்ம பாஷையில சொன்னா, கடுதாசி எழுதறதை ஆட்டோமேட் பண்ணிட்டார் மனுஷன் :-)

இதுல ஒரு வேடிக்கை, அந்த முதல் அட்டையிலயே கோடுதான் அச்சு, வண்ணம் கையால தீட்டினது. ஆக, அச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம்னு சுத்தமா பிரிக்க முடியாது. அமெரிக்காவுல எஸ்தர் ஹௌலண்ட்னு ஒரு பொண்ணு, 1847ல படிப்பை முடிச்ச கையோட, லேஸ் காகிதம், பூ, ரிப்பன் எல்லாம் வச்சு வேலண்டைன் வாழ்த்து செய்ய ஆரம்பிச்சாங்க. ஆர்டர் குவிஞ்சதும் தோழிகளைக் கூட்டி வீட்டு மாடியில வரிசையா உக்கார வச்சு, ஒருத்தி வெட்ட, ஒருத்தி ஒட்டன்னு ஒரு குட்டி ஃபேக்டரியே நடத்தினாங்க. அவங்க பேர் சரித்திரத்துல நிக்குது. ஏன்னா அது வியாபாரம். கணக்கு உண்டு, விளம்பரம் உண்டு. விக்காம, வீட்ல உக்காந்து நாலு பேருக்குச் செஞ்சு அனுப்பினவங்க பேர் எங்கயும் இல்லை. நான் சொல்ல வந்தது இந்த ரெண்டாவது வகை ஆளுங்களைப் பத்தி. அதுவும் எங்க ஊர் ஆளுங்களை.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1854ல நாடு முழுக்க ஒரே தபால் கட்டணம், அரை அணா. 1879 ஜூலை 1ல போஸ்ட் கார்டு, கால் அணா. தபால் இப்படி ஏழைக்கும் எட்டுற விலைக்கு வந்த பிறகுதான் தூரத்துல இருக்கவனுக்கு வாழ்த்து அனுப்பலாம்ங்கற நினைப்பே வந்திருக்கும். தமிழ்நாட்டுல அது போய்ச் சேர்ந்த இடம் பொங்கல். சாமி, மதம் எதுவும் பெருசா குறுக்க வராத பண்டிகை. திராவிட இயக்கம் அதைத் தமிழர் திருநாள்னு தூக்கிப் பிடிச்சது. இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடுன்னு பேர் நடைமுறைக்கு வந்ததே 1969 ஜனவரி 14, பொங்கல் அன்னிக்குத்தான். இன்னொரு பக்கம் சிவகாசி. தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்க வந்த அச்சு மெஷினு, காலண்டர் அடிச்சு, அப்புறம் பொங்கல் வாழ்த்தும் அடிச்சுத் தள்ளிச்சு. பானை, கரும்பு, மாடு, சூரியன் ஒரு வகை. எம்ஜிஆர், சிவாஜி, பிறகு ரஜினி, கமல் இன்னொரு வகை. நம்மில் நிறைய பேருக்கு ரெண்டாவது வகைதான் ஞாபகம் இருக்கும்.

இந்த அச்சடிச்ச வாழ்த்துக்குத் தபால் ஆபீசுலயும் ஒரு சலுகை இருந்துச்சு. அதுதான் புக் போஸ்ட். கவரை ஒட்டாம, மூடியை உள்ளே செருகிட்டு, மேல ‘புக் போஸ்ட்’னு எழுதினா கம்மி ஸ்டாம்பு போதும். ஆனா அது அச்சடிச்ச சரக்குக்கான சலுகை. உள்ள கையால நாலு வரி நலம் விசாரிச்சு எழுதியிருந்தா அது கடுதாசி, கடுதாசிக்கான ஸ்டாம்பு ஒட்டணும். ஒட்டலைன்னா? குறையற காசுல ரெண்டு மடங்கை வாங்கறவங்ககிட்ட வசூல் பண்ணிட்டுத்தான் குடுப்பாங்க. வாழ்த்து அனுப்பி, அதுக்கு அவங்களையே காசு குடுக்க வைக்கறது எவ்ளோ பெரிய அவமானம்! கடையில வாங்கின ரஜினி சல்லிசா போவார், கையால எழுதினது முழுக் காசு குடுத்துப் போகணும். எனக்கு என்னமோ இது சின்ன விஷயமா தெரியலை.

எங்க ஊர் உப்பூர். ஈசிஆர்ல தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவுல. வெயிலுகந்த விநாயகர் கோயில்னு சொன்னா சில பேருக்குத் தெரியும், ராமேஸ்வரம் போறவங்க இறங்கிக் கும்பிட்டுட்டுப் போவாங்க. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினா நெல்லு, இல்லைன்னா கருவேலம். மழை பொய்ச்ச வருஷம் பொங்கப் பானை வாங்கவே யோசிக்கற இடத்துல வாழ்த்து அட்டைக்கு எங்க போறது? அதனால எங்க அப்பத்தா வீட்ல ஒரு வழக்கம். கடையில வாங்கற அட்டை நாலோ அஞ்சோதான். அது பெரிய இடத்துக்கு. தேவகோட்டை முதலாளி, சிங்கப்பூர் மாமா, இப்படி. சொந்த பந்தம், கூடப் படிச்சவங்க எல்லாத்துக்கும் வீட்ல செய்யறது. செய்யறவங்க எங்க அத்தை. 1980களில் அவங்க பள்ளிக்கூடப் பிள்ளை.

இதைக் கவனிக்கணும். கையால செஞ்சது ஒசத்தி இல்லை அப்ப. அது இல்லாததுக்குச் செய்யறது. வாங்கறவங்களுக்கும் அது தெரியும்.

அத்தைகிட்ட போன பொங்கலுக்கு உக்காந்து முழுசா கேட்டுக் குறிச்சுக்கிட்டேன். அட்டைக்குச் சட்டைப் பெட்டியோட அடி அட்டை, இல்லைன்னா கல்யாணப் பத்திரிகையோட வெறும் பக்கம். அதனால பல வாழ்த்துக்குப் பின்னாடி பாதி முகூர்த்த நேரம் தெரியும். வானத்துக்குச் சொட்டு நீலம். சூரியனுக்கு மஞ்சத்தூளைக் குழைச்சுப் பூசறது. இலையையோ காகிதத்துல வெட்டின பானையையோ அட்டை மேல வச்சு, பழைய பல்லு பிரஷை மையில தோச்சு, சீப்பு மேல தேய்ப்பாங்க. பொடிப் பொடியா மை தெறிச்சு, இலையை எடுத்தா அதோட உருவம் மட்டும் வெள்ளையா நிக்கும். வெண்டைக்காயைக் குறுக்க வெட்டி மையில தொட்டுக் குத்தினா பூ. நூலை மையில நனைச்சு, மடிச்ச தாளுக்குள்ள வளைச்சு வச்சு, மேல அழுத்திக்கிட்டே நுனியைப் பிடிச்சு இழுத்தா ஒரு டிசைன். ஒரு தடவை வந்தது இன்னொரு தடவை வராது.

எல்லாத்துலயும் ஒசத்தி அரச இலை. கண்மாய்க்கரை மரத்துல முத்தின இலையாப் பறிச்சு, பானைத் தண்ணியில வாரக்கணக்கா ஊறப் போடணும். நாத்தம் தாங்காதாம், அப்பத்தா திட்டித் தீர்ப்பாங்களாம். சதையெல்லாம் அழுகினதும் பிரஷால மெதுவா தட்டிக் கழுவினா நரம்பு மட்டும் வலை மாதிரி நிக்கும். அதைப் புஸ்தகத்துக்குள்ள வச்சுக் காயவச்சு, மேல பானையும் கரும்பும் வரையறது. பொங்கலுக்கு அனுப்பணும்னா கார்த்திகையிலயே இலையைப் பறிச்சாகணும்.

கடற்கரை ஊராச்சே, சிப்பி ஒட்டலையான்னு கேட்டேன். ஒட்டிப் பார்த்திருக்காங்க. ‘தபால் ஆபீசுல ஸ்டாம்பு மேல முத்திரையை ஓங்கிக் குத்துவாங்கல்ல மருமகனே, போய்ச் சேரும்போது சுண்ணாம்பாத்தான் போகும்’ன்னாங்க. அதனால தட்டையா இருக்கற பொருள் மட்டும். ஜரிகை, சம்கி, இலை, பொன்வண்டு கலர்ல மின்னுற சாக்லேட் தாள்.

பசை விஷயம் தனி. மைதாவைக் காய்ச்சும்போது துளி மயில் துத்தம் போடுவாங்களாம். பைண்டிங் கடைக்காரர் ஒருத்தர் சொல்லிக் குடுத்தது. போடாத பசையை ராமபாணப் பூச்சி விருந்து மாதிரி தின்னுடும். (ராமநாதபுரத்துல ராமபாணம், பேர்ப் பொருத்தம் பாருங்க.) அதோட உப்புக் காத்து. அட்டை சவசவன்னு ஆகும், குண்டூசி குத்தி வச்சிருந்தா துரு இறங்கி ஓட்டை விழும். மயில் துத்தம் விஷம்ங்கறதால பசைச் சட்டியைப் பரண்ல தனியா வச்சிருந்தாங்களாம்.

சரி, இத்தனை செஞ்சாங்களே, எங்க ஒன்னு காட்டுங்கன்னேன். அங்கதான் விஷயமே இருக்கு. செஞ்சவங்க வீட்ல செஞ்சது இருக்காது, அதெல்லாம் போயிருச்சே! எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில கெடந்தது பூரா வந்த வாழ்த்துங்க, பெரும்பாலும் சிவகாசி அச்சு. அத்தை செஞ்சது போன வீடுகள்ல கேட்டா கையை விரிக்கறாங்க. போகிக்குக் கொளுத்தறதெல்லாம் எங்க பக்கம் பெருசா கிடையாது. ஆனா பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப பரண் காலியாகும். போன பொங்கலோட வாழ்த்தை இந்தப் பொங்கலோட சுத்தம் தின்னுரும். அதுலயும் முதல்ல போறது கையால செஞ்சதுதான், ரஜினி படத்தை யாரும் தூக்கிப் போடறதில்லை.

அச்சடிச்சதுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. ஒரு வீட்ல அழிஞ்சாலும் இன்னொரு வீட்ல அதே படம் இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா சைன் போர்டு எழுதற தொழில்ல ஆரம்பிச்சு, புஸ்தகம் மட்டுமில்லாம நோட்டீசு, கல்யாணப் பத்திரிகைன்னு மத்தவங்க குப்பைன்னு நினைச்சதையெல்லாம் சேர்த்தவர். 1992ல அவர் போனதுக்கு அப்புறம் அந்தச் சேகரிப்பை வச்சுத்தான் 1994ல சென்னையில அவர் பேர்ல ஆராய்ச்சி நூலகம் வந்துச்சு. அவரை மாதிரி ஒருத்தர் ஊருக்கு ஒருத்தர் இருந்திருந்தாக்கூட, ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கற அட்டையை எங்கன்னு தேடுவார்? 1949ல செக்கோஸ்லோவாகியாவுல ஜிட்கா சம்கோவான்னு 7 வயசுப் பொண்ணு, யுனிசெஃப் உதவிக்கு நன்றியா ஒரு படம் வரைஞ்சு அனுப்பிச்சு. காகிதம் கிடைக்காம கண்ணாடியில வரைஞ்சதுன்னு சொல்வாங்க. அதுதான் யுனிசெஃபோட முதல் வாழ்த்து அட்டை. அந்தப் படம் இன்னிக்கும் நமக்குத் தெரியக் காரணம், அதை அச்சடிச்சாங்க.

அத்தைகிட்ட மூணே மூணு இருந்துச்சு, புடவைக்கு அடியில. மூணும் ஆள் இல்லைன்னு திரும்பி வந்தது. ஒன்னு பம்பாய் தாராவிக்கு. ஒன்னு புதுக்கோட்டைக்கு, கல்யாணமாகிப் போன தோழி, வீடு மாறிட்டாங்க போல. மூணாவது கொழும்புக்கு, 1984 பொங்கலுக்கு அனுப்பினது. அப்பத்தாவோட தம்பி அங்க கடை வச்சிருந்தார். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தகவலே இல்லை. அச்சடிச்சது வேணாம், பிள்ளை கையால செஞ்சு அனுப்பட்டும், எங்க இருந்தாலும் கண்டுக்குவான்னு அப்பத்தா சொல்லி, வெளிநாட்டுக்கான முழு ஸ்டாம்புக்கும் காசு குடுத்திருக்காங்க. மாசக்கணக்குல கழிச்சு, பல முத்திரை வாங்கி, அப்படியே திரும்பி வந்துச்சு. அவங்க குடும்பம் உயிரோட திருச்சிக்கு வந்து சேர்ந்ததே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எங்க வீட்டுக்குத் தெரியும். அதுக்கப்புறம் இந்த அட்டையைக் குடுக்க அத்தைக்கு மனசு வரலையாம்.

கவரைப் பிரிச்சுப் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சம் பட்டா வெளுத்துரும். தேவகோட்டைச் சித்தப்பா வீட்ல சுவத்துல ஒட்டியிருந்த அட்டை ஒன்னு கிடைச்சுது, அதுல வானம் மட்டும் இருக்கு, சூரியன் இருந்த இடம் வெறும் வெள்ளை வட்டம். கொழும்பு போய் வந்ததுல சூரியன் நேத்துப் பூசின மாதிரி இருக்கு. அரச இலை நரம்பு ஒன்னுகூட ஒடியலை.

இன்னிக்கு நிலவரம் உங்களுக்கே தெரியும். பொங்கல் வாழ்த்து வாட்ஸப்புல வந்து விழுது, ஒரே படம் பதினெட்டு குரூப்புல. இன்னொரு பக்கம், மாலுக்குப் போனா ‘ஹேண்ட்மேட்’னு போட்டு, பூவிதழ் பதிச்ச காகிதத்துல செஞ்ச அட்டைக்கு ஒரு சாப்பாட்டு விலை. பசங்களுக்குக் க்வில்லிங் கிளாசு, அதுக்கு ஃபீசு. அத்தைகிட்ட ஒரு அட்டையோட விலையைச் சொன்னேன். ‘அப்ப எனக்குச் சிங்கப்பூர்க்காரனை விட நெறைய வரணுமே’ன்னாங்க.

மூணையும், சித்தப்பா வீட்டு அட்டையையும், அறந்தாங்கியில ஒரு பெரியம்மா பைபிள் மாதிரி பத்திரமா வச்சிருந்த ரெண்டையும் ஸ்கேன் பண்ணி முடிச்சாச்சு. மொத்தம் ஆறு. அத்தை கணக்குப்படி பத்து வருஷத்துல இருநூறு செஞ்சிருப்பாங்களாம். மார்கழியில உங்க வீட்ல வெள்ளையடிக்கறதுக்கு முன்னாடி பரணை ஒரு தடவை பாருங்க. பின்பக்கம் முகூர்த்த நேரம் பாதியில வெட்டுப்பட்டு நின்னா, முன்பக்கம் திருப்பிப் பார்க்காம போடாதீங்க.