வினாவும் எண்ணும்: சென்னை மாகாணச் சிற்றூர் ஆய்வுகளை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

வினாவும் விடையும் வழுவின்றி அமைதல் வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் விதியாகவே வகுத்தார். அது சொல்லிலக்கணம் பற்றியது. எனினும், மக்களை வினவித் தரவு தொகுக்கும் சமூகவியற் கலைகட்கும் அது அடிப்படையாதற்குரியது. வினா வழுவின், அதனாற் பெற்ற எண்ணும் வழுவும். அவ்வெண்ணின்மேல் எழுப்பிய புள்ளியியற் சோதனை அவ்வழுவை நீக்க மாட்டாது. இவ்வுண்மையைச் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய சிற்றூர் ஆய்வுகளை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

1915ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதற் பேராசிரியராக அமர்ந்தவர் கில்பர்ட் சிலேட்டர். அவர் வினாநிரல் ஒன்றை வகுத்துத் தம் மாணவர்களைக்கொண்டு ஊர்தோறும் நிலம், தொழில், கூலி, கடன் முதலியவற்றைப் பற்றிய செய்திகளைத் திரட்டுவித்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் வரலாறு 1918இல் நூலாக வெளிவந்தது. பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் 1936-37இல் நடத்திய மறு ஆய்வு 1940இல் அச்சேறியது. இருவேல்பட்டு 1980களிலும் 2008இலும் மீண்டும் ஆராயப்பெற்றது. இங்ஙனம் ஒரே ஊரைத் தொண்ணூறு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கும் வாய்ப்பு யாண்டும் அரிது.

சிலேட்டரின் காலத்திற்கு முன்னரே சோதனைக் கருவிகள் தோன்றிவிட்டன. கார்ல் பியர்சன் 1900இல் கைவர்க்கச் சோதனையை வெளியிட்டார். கின்னஸ் மதுவாலையிற் பணியாற்றிய கோசெட், 'மாணவர்' என்னும் புனைபெயரில், சிறு கூறுகட்குரிய சோதனையை 1908இல் வகுத்தார். ஆயின், இவை தற்செயல் முறையாற் பொறுக்கிய கூறுகட்கே பொருந்துவன. சிலேட்டரின் ஊர்களோ அம்முறையாற் பொறுக்கப்பட்டன அல்ல. ஆகவே அவற்றின் எண்களைக் கொண்டு மாகாணம் முழுமைக்கும் முடிவு கூறுதல் ஒல்லாது. ஓர் ஊரின் குடும்பங்கள் அனைத்தையும் எண்ணியவிடத்து, அவ்வூரைப் பொறுத்த அளவில் கூறெடுப்புப் பிழை என்பதே இல்லை. ஆண்டு எஞ்சுவது வினாவின் பிழையும் விடையின் பிழையுமே ஆகும்.

இப்பிழையின் வலிமையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவாம். ஒரு வட்டத்தில் தற்செயல் முறையாற் பொறுக்கிய 100 குடும்பங்களுள் 50 நிலமுடையன, 50 நிலமற்றன எனக் கொள்க. 'கடன் உண்டா?' என வினவ, முன்னவற்றுள் 30உம் பின்னவற்றுள் 20உம் 'உண்டு' என விடையிறுத்தன. நிலத்திற்கும் கடனுக்கும் தொடர்பில்லையெனின், ஒவ்வொரு கட்டத்திலும் 25 எதிர்பார்க்கப்படும். நான்கு கட்டங்களிலும் வேறுபாடு 5. அதன் வர்க்கம் 25. அதனை 25ஆல் வகுக்க 1. நான்கும் கூடிக் கைவர்க்கம் 4. ஐந்து விழுக்காட்டு நிலைக்குரிய எல்லை 3.84 ஆதலின், தொடர்பு உண்டு என்றும் நிலமுடையாரே மிகுதியாகக் கடன்பட்டவர் என்றும் முடிவு செய்வோம். இனி, நிலமற்ற குடும்பம் ஒன்று நிலக்கிழாரிடம் நெல் வாங்கியிருந்தும், கடன் என்பது எழுத்திட்ட பணக்கடனே எனக் கருதி 'இல்லை' என்றது எனக் கொள்க. அவ்வொரு விடையைத் திருத்தின் கைவர்க்கம் ஏறத்தாழ 3.24 ஆகக் குறையும், முடிவு நில்லாது. ஒரு குடும்பத்தின் விடையே தீர்ப்பை மாற்றவல்லதாயிற்று.

இது வெறுங் கணக்கு விளையாட்டு அன்று. இருவேல்பட்டுப் படியாட்கள் திருமணம் முதலிய செலவுகட்காகத் தம் நிலக்கிழாரிடம் பெற்ற கடனால் அவர்கட்கே உழைக்கக் கட்டுண்டு கிடந்தமையை 1918இன் நூல் காட்டுகின்றது. அக்கடன் தந்தையினின்று மகனுக்கு இறங்கியது. அது வட்டி பெருகும் வணிகக் கடன் அன்று. ஆளையே பிணிக்குந் தளை. 'கடன் எத்துணை ரூபாய்?' என்னும் ஒற்றை வினா, பயிர்ச் செலவுக்கு வாங்கிய உழவர் கடனையும் இத்தளையையும் ஒரே நிரலில் அடைத்துவிடும். படியாளின் நிலை அவ்வெண்ணுள் மறைந்தொழியும்.

ஆதலின் வினா வகுப்போர் பணம், நெல், உழைப்பு முன்பணம் ஆகியவற்றைத் தனித்தனியே வினவுதல் வேண்டும். எக்காலத்துப் பெற்றது, எவரிடம் பெற்றது, எவ்வாறு தீர்ப்பது என்பனவும் கேட்டல் வேண்டும். அவ்வூர் வழக்குச் சொல்லையே ஆளுதல் வேண்டும். நிலக்கிழார் உடனிருக்கப் படியாளை வினவுதல் கூடாது. முழு ஆய்வு தொடங்குமுன் சில வீடுகளில் வினாக்களைச் சோதித்தலும் இன்றியமையாதது.

களப்பணியாளரால் நேரும் பிழையை அளக்கவும் வழி காணப்பட்டது. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியற் கழகத்தை நிறுவிய மகலனோபிசு, வங்கச் சணற்பயிர் ஆய்வை 1937இல் தொடங்கினார். அவர் கண்ட முறைப்படி, ஒரே பகுதியினின்று இரு கூறுகள் எடுத்து வெவ்வேறு குழுவினரிடம் ஒப்புவிக்கப்படும். இரு குழுவினர் முடிவுகளும் பெரிதும் முரணுமாயின், எண்ணைச் சோதிக்குமுன் வினவிய முறையைச் சோதித்தல் கடன் என்பது போதரும். 1950இல் தோன்றிய தேசிய மாதிரி ஆய்வும் இம்முறையைக் கைக்கொண்டது.

எனினும், இரு குழுவினரும் ஒரே வழுவினாவை வினவின், இருவர் முடிவும் ஒத்தே நிற்கும், வழு வெளிப்படாது. அதனை வெளிப்படுத்த வல்லது விடையிறுப்போரின் சொல்லையும் வாழ்வையும் அறிந்த அறிவு ஒன்றே. ஆகவே புள்ளியியலார்க்கும் மொழிநூலார்க்கும் இத்துறையிற் கூட்டுப்பணி உண்டு என்பது தெளிவாம்.